விளக்கேற்ற மூன்று பேர்

ஒரத்தநாட்டில் எங்களுக்கு வீடு கொடுத்த புண்ணியவான் பெயர் தியாகேசன். பதினெட்டு வருஷமாக மஸ்கட்டில் இருக்கிறார். அவருடைய அப்பா கட்டிய வீட்டில் நாங்கள் மூன்று பேர் குடியிருந்தோம். நான் பிரதீபா, நாகப்பட்டினம் பக்கம், அப்பாவுக்கு விசைப்படகில் வேலை. சுவேதா தரங்கம்பாடி. குந்தவை மயிலாடுதுறை, வக்கீல் வீட்டுப் பெண், வாயும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். மூவரும் கால்நடை மருத்துவம் இரண்டாம் வருஷம். விடுதிச் சாப்பாடு நாக்குக்கு ஒத்துக்கொள்ளாமல் நாங்களாகத்தான் வெளியே வந்தோம். ஆகவே யாரும் எங்களுக்காக உச்சுக் கொட்ட வேண்டாம்.

படிக்கிற பெண்களுக்கு வீடு என்றால் ஊரில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். யார் வருவார்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், மீன் சமைப்பீர்களா, துணியை எங்கே காயப்போடுவீர்கள். தியாகேசன் வீடியோ காலில் வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மூணு பேருதானே? மூணு பேரும் லேடீஸ்தானே? சரிம்மா, சாவிய வாங்கிக்குங்க." வருஷ வாடகையை மொத்தமாக முன்னாலேயே வாங்கிக்கொண்டார் என்பது தவிர எந்தக் கெடுபிடியும் இல்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நாங்கள் மூவரும் நெகிழ்ந்து போனோம்.

அந்தப் பெரிய மனசின் அளவு, சாவி கொடுத்த மதிவாணன் சொன்னபோதுதான் தெரிந்தது. மதிவாணன் தியாகேசனின் சித்தப்பா மகன். அண்ணனுடைய நிலத்தையும் வீட்டையும் பார்த்துக்கொள்பவர். நிலத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

"அண்ணன் வீட்ல தெனம் சாயங்காலம் ஆறு மணிக்குச் சாமி மாடத்துல வெளக்கு எரியணும்" என்றார். "ஒரு வருஷம் வீடு பூட்டிக் கெடந்துச்சு. அந்த வருஷமே அண்ணனுக்கு வேலை போச்சு. ஒரு நாளுகூட வெளக்கு நிக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொல்லிட்டாரு. பசங்களுக்கு வுட்டா ஏத்த மாட்டானுங்க. ஒரு பொண்ணு, ரெண்டு பொண்ணுன்னா மாசத்துல சில நாளு இடிக்கும். மூணு பேரு இருந்தா எப்பவும் யாராவது ஒருத்தரு... நான் சொல்ல வேணாம், நீங்களே டாக்டருக்குப் படிக்கிறீங்க."

அதாவது ஒருத்தி வீட்டுக்குத் தூரம் என்றால் இன்னொருத்தி, அவளும் தூரம் என்றால் மூன்றாமவள். மஸ்கட்டில் உட்கார்ந்து மனிதர் எங்கள் மூவரின் உடம்பையும் வைத்து முறைப் பட்டியல் போட்டிருக்கிறார். எங்கள் பேராசிரியர்கூட ஒரு பண்ணையை இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டு நான் பார்த்ததில்லை.

சரி, விளக்குத்தானே, ஏற்றிவிட்டுப் போவோம் என்று ஏற்றினோம். ஏற்றினால் போதாது, போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பிய நிமிஷமே அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கும்பிடு வரும். ஐந்து நிமிஷம் தாமதமானால் கடல் தாண்டி போன் வரும். "என்னம்மா, வெளக்கு?" இவ்வளவு அக்கறையான வீட்டுக்காரர் யாருக்கு வாய்ப்பார்.

ஐப்பசி மழையில் அந்த அக்கறையின் மறுபக்கத்தைப் பார்த்தோம். ஒரு நாள் காலை சுவேதா பல் துலக்கப் போன நேரத்தில், ஹால் மேற்கூரையிலிருந்து சோற்றுத் தட்டு அளவுக்குக் காரை பெயர்ந்து அவள் தலையணைமேல் விழுந்தது. இரண்டு நிமிஷம் கூடுதலாகத் தூங்கியிருந்தால் சுவேதா இல்லை. மேலே பார்த்தால் கம்பியெல்லாம் துருவேறி உப்பியிருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டி கசிகிறது. மழைத்தண்ணீர் போகிற குழாயும் அடைத்துக்கொண்டது. தண்ணீரெல்லாம் கூரைக்குள் இறங்கிவிட்டது. தொட்டிக்கு நேர் கீழே இருந்த சாமி மாடத்துப் பக்கம்தான் இன்னும் மோசம். அங்கே விரிசலுக்குள் விரலை விடலாம்.

நான் பதினான்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். யார் தலையிலாவது விழுவதற்குள் சரிசெய்து கொடுங்கள், எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது. போன் செய்தேன்.

"எங்கப்பா பாத்துப் பாத்துக் கட்டுன வீடும்மா அது. அது எங்க விழப்போவுது?" என்றார்.

"விழுந்துருச்சு சார். போட்டோ அனுப்பினேனே."

"அது மேல்பூச்சும்மா. சாயங்காலம் வெளக்கு போட்டோ மறந்துடாதீங்க."

மதிவாணனிடம் போனோம். நடவு நடக்கிறது, ஆள் கிடைக்காது, நடவு முடியட்டும் என்றார். நடவு முடிந்து கார்த்திகை வந்தது. மழை விடட்டும், ஈரத்தில் பூசினால் நிற்காது என்றார். மழை விட்டு மார்கழி வந்தது. மார்கழியில் யாராவது வீட்டு வேலை ஆரம்பிப்பார்களா என்று எங்களையே திருப்பிக் கேட்டார். தை பிறந்தது. அறுப்பு மிஷின் வயலில் நிற்கிறது என்றார். அறுப்பு முடிந்ததும், மூட்டையெல்லாம் கொள்முதல் நிலையத்தில் கிடக்கிறது, அதை எடுக்கட்டும் என்றார். ஒரு போகம் நெல் விதைத்து, விளைந்து, மூட்டையாகிவிட்டது. எங்கள் கூரைக்கு ஒரு கொத்தனார் வரவில்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் வாளியோடு வந்து விரிசல்மேல் வெள்ளை அடித்துவிட்டு, "இப்ப தெரியலைல்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டுவிட்டுப் போனார்.

காலி செய்துவிட்டுப் போகலாம் என்றால் மாசியில் பரீட்சை, முன்னாலேயே கொடுத்த வாடகையும் திரும்பி வராது. மூவரும் ஹாலை விட்டு உள்ளறையில் ஒண்டிக்கொண்டோம். ஆனால் ஆறு மணிக்கு விளக்கேற்ற ஒருத்தி அந்த விரிசலுக்குக் கீழே போய் நின்றாக வேண்டும். எனக்கு முறை வரும்போதெல்லாம் கை தீப்பெட்டியில் இருக்கும், கண் மேலே இருக்கும். பயமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

குந்தவைக்குத்தான் அந்த யோசனை வந்தது. "இந்த ஆளுக்கு வலிக்கிற எடம் ஒண்ணே ஒண்ணுதான்டி. நம்ம மூணு பேரும் ஒரே நேரத்துல தூரமாயிட்டா?"

அன்று சாயங்காலம் விளக்கு எரியவில்லை. ஆறு ஐந்துக்குப் போன் வந்தது. குந்தவை ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், மூணு பேருமே வீட்டுக்குத் தூரம்."

"மூணு பேருமா?"

"ஆமா சார். ஒண்ணா இருந்தா அப்படி ஆயிடும். ஆட்டுக் கிடையில எல்லா ஆட்டுக்கும் ஒரே நேரத்துல பருவம் வர வைக்கிறதே எங்க பாடத்துல இருக்கு. விளக்கமா சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா, வேணாம்மா" என்று வைத்துவிட்டார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த நாலு மாதத்தில் அன்றுதான் அந்த வீட்டில் நாங்கள் அப்படிச் சிரித்தது.

மூன்றாம் நாளும் தூரம். ஐந்தாம் நாளும் தூரம். எட்டாம் நாள் அவருடைய மனைவி பிரகதாம்பாள் போன் செய்தார். "என்னம்மா இது, எட்டு நாளாவா? டாக்டருகிட்டக் காட்டுங்கம்மா."

"காட்டியாச்சு ஆன்ட்டி" என்றாள் குந்தவை, குரலில் துளி சிரிப்பு இல்லாமல். "பயத்துல வர்றதாம். கூரை எப்ப தலையில விழுமோன்னு பயம். கொத்தனாரு வந்து பூசுன அன்னிக்கே சரியாயிடும்னு சொன்னாங்க."

கொத்தனார் வருவார் என்று காத்திருந்தோம். மறுநாள் மதிவாணன் வந்தார். கூடவே எதிர்வீட்டு அபயம்மாவைக் கூட்டி வந்தார். அபயம்மா தஞ்சாவூர்ப் பெரிய கோயில் பக்கத்துக் கடைகளுக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறவர். புருஷன் இல்லை, மகள் திருப்பூரில். "இனிமே வெளக்க இவங்க ஏத்துவாங்க. அண்ணன் மாசச் சம்பளம் போட்டுக் குடுத்துட்டாரு. வயசு ஐம்பத்தெட்டு, அந்தப் பிரச்சினையே கெடையாது" என்றார். கூரைக்கு ஒரு மூட்டை சிமெண்டு வாங்க வழியில்லாத மனிதர் விளக்குக்குத் தனி ஆள் போட்டுவிட்டார். எங்கள் வேலைநிறுத்தம் அமோக வெற்றி.

அபயம்மாவிடம் நாங்கள் எல்லாவற்றையும் சொன்னோம். மேலே கையைக் காட்டினோம்.

"தெரியும்மா. நான் ரெண்டு நிமிஷம் நிக்கப்போறேன். அதுக்குள்ளயா வுழுந்துடப்போவுது?" என்றார். "நான் வேணாம்னா மதிவாணன் வேற யாரையாவது கொண்டாருவாரு. அவ வந்து நிக்கட்டும்னு வுடச் சொல்றீங்களா?"

நாங்களே ஏற்றிவிடுகிறோம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் தோற்றதாகிவிடும் என்று குந்தவை சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

தினமும் ஆறு மணிக்கு அபயம்மா வருவார், ஏற்றுவார், போவார். போட்டோவை மதிவாணன் வந்து எடுத்துக்கொள்வார், வாசற்படியிலேயே நின்று, படத்தைப் பெரிதாக்கி. அவர் ஒரு நாளும் மாடத்துக்குப் பக்கத்தில் போகவில்லை.

வியாழக்கிழமை மட்டும் அபயம்மா சீக்கிரம் வருவார். மறுநாள் வெள்ளி என்பதால் விளக்கைத் துலக்க வேண்டும். புளியை வைத்துக்கொண்டு மாடத்துக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் தேய்ப்பார். மூன்றாவது வியாழக்கிழமை நான் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு மூட்டையை மாடியிலிருந்து கீழே போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஹால் முழுக்கத் தூசி. அபயம்மா பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் புளிக்கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. வலது தோள் தொங்கிப்போயிருந்தது.

இந்த இடத்தில் எனக்கு நக்கல் வரவில்லை. அங்கே நிற்க வேண்டியவர்கள் நாங்கள். புத்திசாலித்தனமாக ஒதுங்கிக்கொண்டு அந்த இடத்தில் இந்த அம்மாளை உட்கார வைத்துவிட்டோம். துப்பட்டாவைச் சுருட்டிக் காயத்தில் அழுத்தும்போது குந்தவை அழுதுகொண்டே இருந்தாள். சுவேதா 108-க்குப் போன் செய்தாள்.

ஆஸ்பத்திரியில் ஏழு தையல் போட்டார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது, கைக்குத் தொட்டில் கட்டினார்கள். மதிவாணன் பின்னாலேயே வந்து எங்கள் காதருகில் சொன்னார்: "வழுக்கி வுழுந்துட்டாங்கன்னு சொல்லிடுங்கம்மா. எதுக்கு வம்பு." எழுதிக்கொள்ள வந்த நர்ஸ் எங்களைக் கேட்கவில்லை, அபயம்மாவைத்தான் கேட்டார். "மேல இருந்து காரை வுழுந்துச்சும்மா" என்றார் அபயம்மா. "இந்தப் புள்ளைங்க நாலு மாசமாச் சொல்லிக்கிட்டுக் கெடக்குதுங்க. அதையும் எழுதிக்க."

அப்போது தியாகேசன் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அடடா" என்றார். "வெளக்கு ஏத்துனதுக்கு அப்பறமா, முன்னாடியா?"

"முன்னாடிதான் சார். அந்தம்மா உயிரோட இருக்காங்களான்னு கேட்கவே இல்லையே நீங்க" என்றேன்.

"கேக்கத்தாம்மா வந்தேன்" என்றார். அதற்கப்புறமும் கேட்கவில்லை.

விளக்கின்மேல் ரத்தம் பட்டது பெரிய தோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான், நாலு மாதமாக வர முடியாத மனிதர் நாலே நாளில் பெண்டாட்டியோடு வந்து இறங்கினார். தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் தங்கினார்கள். சொந்த வீட்டில் ஏன் தங்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் பரிகார ஹோமம். மதிவாணன் நாலு ஊர்ச் சொந்தக்காரர்களுக்குச் சொல்லி, வாசலில் பந்தல் போட்டு, உள்ளே ஓட்டைக்குக் கீழே ஒரு மஞ்சள் துணியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டிவிட்டார். பார்த்தால் மண்டபத்து விதானம் மாதிரி மங்களகரமாக இருந்தது. பரிகாரத்தில் அபயம்மாவுக்குப் புடவை வைத்துக் கொடுப்பதாக ஒரு அம்சம் இருந்ததால் அவரையும் கூட்டி வந்து சுவரோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

குருக்கள் செங்கல் அடுக்கினார். "ரத்தம் சிந்துன எடத்துலதான் அக்கினி வளக்கணும். தம்பதியா வந்து மணையில ஒக்காருங்கோ" என்றார். குருக்கள் மட்டும் விவரமாகத் தன் மணையை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

பட்டு வேட்டியில் வந்த தியாகேசன், மணைக்குப் பக்கத்தில் நின்று மேல்துண்டை இடுப்பில் கட்டினார். அப்போது துணி வழியாகப் பொடிப்பொடியாக மணல் உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. தட்டிவிட்டார். மறுபடியும் விழுந்தது. தலையைத் தூக்கினார். மஞ்சள் துணி நடுவில் தொய்ந்து கனத்திருந்தது. ஓரத்தை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரண்டடி பின்னால் நகர்ந்து குருக்கள் பக்கத்துக்கே வந்துவிட்டார்.

"சாமி, இதை வாசல்ல வச்சுக்கலாமா? காத்தோட்டமா இருக்கும்" என்றார்.

"தோஷம் உள்ளல்ல இருக்கு" என்றார் குருக்கள்.

தியாகேசன் சுற்றிப் பார்த்தார். எங்கள் மூவர்மேல் கண் நின்றது. "குடியிருக்கறது அவங்கதானே? அந்தப் பொண்ணுங்க ஒக்காந்தா ஆவாதா?"

குந்தவை வாயைத் திறந்தாள். அதற்குள் குருக்களே சொல்லிவிட்டார்: "பலன் அவாளுக்கா வேணும், ஒங்களுக்கா?"

பிரகதாம்பாளுக்கு நல்ல நேரம் போய்க்கொண்டிருப்பது பொறுக்கவில்லை. விறுவிறுவென்று வந்து மணையில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க நிக்கிறீங்க? எல்லாரும் பாக்குறாங்க, வாங்க."

"நீ எந்திரி."

"எதுக்கு?"

"எந்திரிடி. மேல பாரு, எப்படி இருக்குன்னு. வுழுந்தா மண்டை பொளந்துரும்."

நாலு ஊர்ச் சொந்தமும் மேலே பார்த்தது. நாலு மாதமாக, பதினான்கு போட்டோவோடு நாங்கள் அந்த ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, சபையில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவரே சொன்னார். பிரகதாம்பாள் மேலே பார்த்தார், பிறகு புருஷனைப் பார்த்தார், பிறகு சுவரோரம் அபயம்மாவைப் பார்த்தார். மணையிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"மதி, கொத்தனாரக் கூப்புடு" என்றார் தியாகேசன்.

மதிவாணன் அறுப்பைப் பற்றியோ மூட்டையைப் பற்றியோ மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றுகூடச் சொல்லவில்லை. முக்கால் மணி நேரத்தில் மீரா உசேன் கொத்தனார் இரண்டு ஆட்களோடும் முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கழிகளோடும் வந்து நின்றார். துணியை அவிழ்த்தார். கழியால் இரண்டு தட்டுத் தட்டினார். மிச்சமிருந்த காரை, தம்பதிக்குப் போட்டிருந்த மணைகள்மேலேயே பொலபொலவென்று கொட்டியது. தொட்டியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பெரிய வேலை ஒண்ணும் இல்லீங்க. தொட்டிய நகத்திட்டு, கம்பியத் தேச்சு, பூசி வுட்டா முடிஞ்சுது. ரெண்டு நாள் வேலை" என்றார்.

அபயம்மா நாற்காலியில் இருந்தபடியே, கழுத்திலிருந்து தொங்கிய தொட்டிலில் கிடந்த வலது கையைப் பார்த்தார். பூக் கட்டுகிற கை அது.

"எனக்கு ஆறு வாரம்னாங்க" என்றார்.